மேளம் பேசாத மாதம்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். புக்கோம் பேட்டையில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை பூசாரிகள் கம்பு விதைத்துவிட்டு, பயிர் முளைக்கும்வரை தெய்வங்களின் தூக்கம் கெடக் கூடாது என்று மேளத்துக்குத் தடை போட்டுவிடுவார்கள். மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, கைதட்டு கிடையாது. மாதா கோயிலில்கூட முணுமுணுப்பாகத்தான் பாட்டு. குத்துச்சண்டைக் கூடங்களில் மணி அடிக்க மாட்டார்கள். ரவுண்டு முடிந்தால் கோச் துண்டைக் கீழே போடுவார், பையன்கள் கையை இறக்குவார்கள். சாவு விழுந்தாலும் ஒப்பாரி கூடாது. செத்தவரை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்துவிட்டு, தடை நீங்கும்வரை வீட்டார் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரத்து அக்ரா நகரத்திலேயே வாய் அதிகமான பேட்டை அது. இரண்டு பேர் குசலம் விசாரித்தால், சண்டை என்று நினைத்து விலக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள். அப்படிப்பட்ட ஜனம் ஒரு மாதம் அடங்கிக் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

அந்த மாதத்தில்தான் அமெலேயின் அம்மா செத்தாள்.

காலையில் மீன் சுடும் அடுப்பருகே குனிந்தவள் நிமிரவில்லை. அமெலே ஓடிப் போய்த் திருப்பிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. டாக்ஸி பிடித்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பிய அமெலே முற்றத்தில் நின்று வாயைத் திறந்தாள். பக்கத்து வீட்டில் கெங்கி என்ற புளித்த சோளமாவு உருண்டை அவித்து விற்கும் ட்ரோமோ அத்தை பாய்ந்து வந்து, தன் இடுப்புத் துணியின் முனையைச் சுருட்டி அவள் வாயில் திணித்தாள்.

"கடி. நல்லா கடிச்சுக்க, தாயி. அழுவு, வேணாங்கல. சத்தம் மட்டும் வெளிய வரக் கூடாது."

அமெலே கடித்தாள். துணியில் சோளமாவுப் புளிப்பு வாடை.

"உங்கம்மா போனதுக்கு நான் இந்தத் தெருவையே கெளப்பியிருப்பேன்டி. எனக்கா வாயில்ல? நேரங்கெட்ட நேரத்துல போயிட்டாளே, மகராசி." சொன்ன ட்ரோமோ அத்தையின் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் சிந்தினாள்.

துணியைக் கடித்துக்கொண்டிருந்தபோதே அமெலேக்குத் தம்பியின் நினைப்பு வந்துவிட்டது. அவனுக்கு யார் சொல்வது?

தம்பி அயிக்வே அப்போது மபூட்டோவில் இருந்தான், ஆப்பிரிக்க அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டிக்காக. பத்தொன்பது வயசு. புக்கோமில் பையன்கள் நடக்கப் பழகும் முன்பே இடது கையை நீட்டப் பழகிவிடுவார்கள், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் மீசை முளைத்ததும் காசுக்குச் சண்டை போடப் போய்விடுவார்கள். அயிக்வே போகவில்லை. நாட்டு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டு மேடையில் ஏறி நிற்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். லோமேயில் ஜூனியர் பதக்கம் வாங்கினான். அபிஜானில் முதல் சண்டையிலேயே தோற்று வந்து, ஒரு வாரம் யாரோடும் பேசாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரபாத்தில் வெண்கலம். ஐரோப்பாவில் பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், மூக்கு ஒழுக ஒழுக, உள்ளூர்க்காரனை அவன் ஜனங்களுக்கு முன்னாலேயே ஜெயித்தான்.

அவனுடைய பலம் கையில் இல்லை, கண்ணில். கோச் சோவா கேட்கிறவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்வார்: "இவன் கண்ணுக்குள்ள அளவுகோல் வெச்சுப் பொறந்தவன்யா. எதிராளி குத்து இவன் மூக்குக்கு ஒரு வெரல் முன்னாடி வந்து நின்னுரும். இவன் குத்து மட்டும் நிக்காது, நேரா போய் ஒக்காரும்."

அம்மாவுக்கு இதெல்லாம் காதிலேயே ஏறாது. அவள் புருஷனும் குத்துச்சண்டைக்காரன்தான். காசுக்கு ஆடியவன். கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல், சாப்பிட உட்கார்ந்தால் "இதுங்க யார் வூட்டுப் புள்ளைங்க?" என்று தன் பிள்ளைகளையே காட்டிக் கேட்பான். அவனைப் புதைத்த அன்று அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "என் மவன் ஏறுனா ஏறட்டும், கையக் கட்டிப் போட என்னால ஆவாது. ஆனா ஏறுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

மகன் விடுவானா? ஒவ்வொரு சண்டைக்கும் முந்தின நாள், எந்த நாட்டில் இருந்தாலும் போன் போடுவான். "அம்மா, நாளைக்கு ஏறட்டுமா?" அம்மா ஒரே பதில் வைத்திருந்தாள். "சாப்பிட்டியா?" அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். எத்தனையோ நாட்டிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். ஒரு தடவையாவது ஏறு என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்பது அவனுடைய வீம்பு. சொல்லாமலே இருந்துவிட வேண்டும் என்பது அவளுடைய வீம்பு.

அன்று சாயங்காலமே வீட்டுப் பெரியவர் லாங்க்வே சித்தப்பா வந்துவிட்டார். படகுக்காரர். கடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. தடை மாதத்தில் அதை அடக்கிப் பேசுவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும்.

"அவனுக்குச் சொல்ல வேணாம்," என்றார். "மொதச் சண்டை ஜெயிச்சிட்டான். இன்னும் மூணு ஏறணும். முதல் எடம் வாங்குறவன் ஒலிம்பிக் போவான். பட்டாளத்துல வேலையும் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. இப்பச் சொன்னா அடுத்த விமானத்துல வந்து நிப்பான். வந்து? அம்மாவப் பொதைக்க முடியுமா? அழ முடியுமா? தடை நீங்குறவரைக்கும் நம்மகூடச் சேந்து செவுத்தப் பாக்கத்தான் முடியும்."

"மத்தவங்க சொல்லிட்டா?"

"எவன் சொல்லுவான்? தடை மாசத்துல சாவச் சொன்னாலே தப்பு. கோச்சுகிட்டப் பேசிட்டேன். தூக்கம் கெடும்னு சொல்லிப் பையன் போன வாங்கி வெச்சிக்கிட்டாரு. தெனம் ஒரு தடவ தன் போன்ல பேச விடுவாரு. நீ மட்டும் ஒளறாம இரு."

அம்மாவுடையது பழைய பொத்தான் போன், முகம் தெரியாது. அதுவும் வசதியாகப் போயிற்று. அன்று மாலை அது அடித்தபோது அமெலே அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா? அம்மா எங்க?"

"இங்கதான்டா. தொண்டை கட்டிக்கிச்சு, பேச வரல. ஒரே பொகையில நின்னா?"

"தேனும் இஞ்சியும் குடுக்க வேண்டியதுதான? சரி, நாளைக்கு ஏறட்டுமான்னு கேளு."

அமெலே திரும்பி அறையைப் பார்த்தாள். அம்மா உட்காரும் முக்காலி, அதன்மேல் மடித்து வைத்த துணி. "ஏறட்டுமான்னு கேக்குறான்," என்று முக்காலியிடம் சொன்னாள். பிறகு போனில் சொன்னாள்: "சாப்பிட்டியான்னு கேக்குறா."

மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டு அமெலேயும் சிரித்துவிட்டாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இந்தப் பொய்க்கு ஒன்று போதுமாக இருந்தது. தொண்டை இன்னும் சரியாகவில்லை; சாப்பிட்டியான்னு கேக்குறா. காலிறுதி ஜெயித்தான். மறுநாளும் அதே. அரையிறுதி ஜெயித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அமெலே அந்தப் போனுக்குக் காத்திருக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் சில நிமிஷம் அம்மா அறையில் இருந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் போன் வந்தபோது அவன் குரல் தணிந்திருந்தது.

"அக்கா, கோச் வெளிய நிக்கிறாரு. சீக்கிரம் கேளு. எடது கண்ணு சரியில்ல. அரையிறுதியில அவன் கையொறையோட கட்ட வெரல் பக்கம் கண்ணுல இடிச்சிருச்சு. அப்பலேந்து கொசு பறக்குற மாதிரி இருக்கு. ஓரத்துல கறுப்பா ஒரு தெரை தொங்குது."

"டாக்டர்ட்டச் சொன்னியாடா?"

"சொன்னா ஃபைனல் கெடையாது. காலையில லைட் அடிச்சுப் பாத்தாரு. ஒண்ணுமில்ல, நல்லா தெரியுதுன்னு சொல்லிட்டேன். கோச்சுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"ஏன்டா இப்படிப் பண்ற?"

"அதான் அம்மாட்டக் கேக்கச் சொல்றேன். முழுசா சொல்லு. கொசுவச் சொல்லு, தெரையச் சொல்லு. இந்தத் தடவ சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாது. வெளையாட்டு இல்ல அக்கா, எனக்கே பயமா இருக்கு. வான்னா வந்துர்றேன். வெள்ளியோட வந்துர்றேன், அதுவும் பதக்கந்தான. ஏறுன்னா ஏறுறேன். அவ என்ன சொன்னாலும் சரி."

அமெலே போனை நெஞ்சில் வைத்துப் பொத்திக்கொண்டாள். முக்காலி சும்மா இருந்தது.

அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கண்ணுக்குள் திரை என்ற வார்த்தையை முடிக்க விட்டிருக்க மாட்டாள். போனைப் பிடுங்கி, தடையாவது மண்ணாவது, மபூட்டோவுக்கு நேராகவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பாள். வாடா வீட்டுக்கு என்று.

வா என்று சொல்ல அமெலேயின் நாக்கு ஒரு தரம் அசைந்தது. வந்தால்? நாளை மறுநாள் வாசலில் நிற்பான். அம்மா எங்கே என்பான். கையில் வெள்ளியும், எதிரே குளிர் அறையும். ஒலிம்பிக் போயிற்று, பட்டாளத்து வேலை போயிற்று, அம்மாவும் போயாயிற்று. சித்தப்பா என்ன சொல்வார், தெரு என்ன சொல்லும் என்றெல்லாம் ஓடியது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அவளுக்கே ஆசையாக இருந்தது. சின்ன வயசிலிருந்து அவன் கைக்குத் துணி சுற்றிவிட்டவள் அவள். அவன் ஒவ்வொரு முறை ஏறும்போதும் வீட்டில் இருந்த பயமெல்லாம் அம்மாவுடையது; அமெலே அந்தப் பயத்தைச் சுமந்து சுமந்து அலுத்துப் போயிருந்தாள். அம்மாவே போய்விட்டாள், இனி அவளுக்காகவும் சேர்த்து நான் பயப்பட வேண்டுமா என்று ஒரு கோபம்கூட வந்தது. இறந்தவள்மேல் வந்த கோபம். ஒரே ஒரு சண்டை. கொசு பறந்தால் என்ன, நாளைக்குச் சரியாகிவிடும்.

அவள் போனைக் காதில் வைத்தாள். "ஏறுன்னு சொல்றா."

"யாரு, அம்மாவா?"

"ஆமா."

"அந்த வார்த்தையவா சொன்னா?"

"ஏறிட்டு வரட்டும்னு சொன்னா."

"எல்லாத்தையும் சொன்னியா? கண்ண?"

"சொன்னேன்டா."

"சரிக்கா," என்றான். சின்னப் பிள்ளைக் குரல். "சரி. சரிக்கா. அம்மாவுக்குச் சொல்லு, சாப்பிட்டேன்னு."

இறுதிப் போட்டியை ஒரு ரேடியோக் கடைக்காரன் தொலைக்காட்சியைத் தெருவில் வைத்துக் காட்டினான், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. புக்கோம் முழுவதும் அங்கே நின்றது. எதிராளி அல்ஜீரியாக்காரன், நெட்டையன். முதல் ரவுண்டில் அயிக்வே அடித்தான். இரண்டாவதில் வாங்கினான். மூன்றாவதில் அல்ஜீரியாக்காரன் எதையோ கண்டுபிடித்தவன்போல அவனுடைய இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தான். எங்கிருந்து வந்த தைரியமோ தெரியவில்லை, அயிக்வே தலையைக் குனிந்து உள்ளே புகுந்து, கட்டிப்பிடிக்கிற தூரத்தில் நின்று, மணி அடிக்கிறவரை குத்திக்கொண்டே இருந்தான். நடுவர் அவன் கையைத் தூக்கினார்.

அப்படி ஒரு கொண்டாட்டத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. தெரு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தது. வெள்ளைக் கைக்குட்டைகள் பறந்தன. கிழவர்கள் வெறுங்காலால் தரையை மெல்ல மெல்லத் தட்டி ஆடினார்கள். லாங்க்வே சித்தப்பா தன் முஷ்டியையே கடித்துக்கொண்டு அழுதார். "வாயடச்சு செத்துருவேன் போலிருக்கே!" என்று ட்ரோமோ அத்தை கிசுகிசுத்தாள். அமெலேயும் குதித்தாள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை பொய்யாகிவிடும். நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்தாள். அன்று ராத்திரி, அம்மா செத்த பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கினாள்.

அவன் வந்த அன்று தெருவின் இரு பக்கமும் ஜனம். கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் தங்கத்தோடு வேனிலிருந்து இறங்கினான். கைக்குட்டைகள் அசைந்தன. ஒரு குரல் இல்லை. அவன் நடு வீதியில் நின்று இரண்டு கையையும் விரித்தான்.

"என்னப்பா இது, தங்கம் வாங்கிட்டு வந்தா எழவு வூடு மாதிரி நிக்கிறீங்க! தடைன்னா தடைதான், அதுக்காக இப்படியா?"

யாரும் சிரிக்கவில்லை. தடைதான் காரணம் என்று அவன் எடுத்துக்கொண்டான். வேறெப்படி எடுத்துக்கொள்வான்? வேறெந்த மாதமாக இருந்தாலும் அந்த முகங்களைப் பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

வாசற்படியில் கால் தட்டித் தடுமாறி உள்ளே வந்தான். "அம்மா! ஏறுன்னு சொல்லிட்டல்ல? மாட்டிக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் வந்தான். முக்காலியைப் பார்த்தான். பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லாங்க்வே சித்தப்பா எழுந்து தன் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். வந்தவனுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் சேதி. அவன் பாதி குடித்துவிட்டு நிறுத்தினான். சின்னவனுக்குப் பெரியவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

சித்தப்பா சொன்னார். சுருக்கமாகச் சொன்னார்.

அயிக்வே வாயைத் திறந்தான். ட்ரோமோ அத்தை துணியோடு எழுந்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பைக்குள் துழாவி, சண்டையில் பல்லுக்குப் போடும் ரப்பரை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரே பக்கமாகக் கண்ணீர் வழிவதுபோல அமெலேக்குத் தோன்றியது. அப்படி இருக்காது, இரண்டு பக்கமும்தான் வழிந்திருக்கும்.

நெடுநேரம் கழித்து ரப்பரை எடுத்தான்.

"என்னைக்கு?"

"மொதச் சண்டை ஜெயிச்ச மறுநாள் காலையில," என்றார் சித்தப்பா.

அவன் யோசித்தான். யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அமெலேயின் பக்கம் திரும்பினான்.

"அப்ப, ஏறுன்னு சொன்னது?"

அறையில் இருந்த மற்றவர்களுக்கு அவன் கேட்டது புரியவில்லை. அமெலேக்கு மட்டும்தான் புரிந்தது.

"நான்," என்றாள்.

அவன் பதக்கத்தைக் கழற்றி முக்காலிமேல் மடித்திருந்த துணியில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து கோச் சோவாவின் கூடத்தில்தான் படுக்கை. அக்காவோடு ஒரு வார்த்தை இல்லை.

கண் விஷயம் இரண்டு நாளில் வெளியே வந்துவிட்டது. கோச் அவனை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அமெலேயும் பின்னால் போய்க் கதவோரம் நின்றாள். விழித்திரை பிரிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், ஒட்டவில்லை. அந்த டாக்டரம்மா நல்லவள், யாரையும் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்: "ஃபைனல் ஏறாம அன்னிக்கே வந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம். அப்ப ஓரந்தான் கிழிஞ்சிருந்திருக்கும்." அமெலே அதைக் கேட்டாள். இன்றும் மீன் சுடும்போது அவள் காதில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஒற்றைக் கண்காரனை அமெச்சூர் போட்டியில் ஏற்ற மாட்டார்கள். ஒலிம்பிக்குக்கு அந்த அல்ஜீரியாக்காரன் போனான். பட்டாளத்து வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

தடை நீங்கிய அன்று பூசாரிகள் பெரிய மேளத்தைத் தொட்டார்கள். ஒரு மாதம் அடைத்துக் கிடந்த ஊர் ஒரேயடியாக வெடித்தது. எல்லாக் கூடத்திலும் மணி அடித்தார்கள். அம்மாவைக் குளிர் அறையிலிருந்து கொண்டு வந்தார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்தி, மேளம் வைத்து, தெருவே திரண்டு அடக்கம் செய்தார்கள். ட்ரோமோ அத்தை சொன்னபடியே தெருவைக் கிளப்பினாள். அமெலே தரையில் விழுந்து புரண்டு அழுதாள். "தாயப் பறிகொடுத்த புள்ள, எத்தன நாள் அடக்கி வெச்சிருந்தாளோ," என்று தேற்றினார்கள். யாருக்காக அழுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அயிக்வே அழவில்லை. சடங்குச் சாராயத்தைத் தரையில் ஊற்ற அவனிடம் குவளையைக் கொடுத்தார்கள். ஊற்ற வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், சித்தப்பாவின் காலில் ஊற்றினான். சித்தப்பா காலை நகர்த்தாமல் நின்றார்.

பிறகு ஹோமோவோ வந்தது. கம்பு விதைத்துத் தடை போட்டதெல்லாம் இந்தப் பண்டிகைக்காகத்தான். சோளமாவை அவித்துப் பனங்காய்க் குழம்போடு வீடு வீடாகச் சமைத்து, முன்னோர்களுக்கு வாசலில் தூவி, பசியை எள்ளி நகையாடுவார்கள். அமெலே சமைத்தாள். தூவ வேண்டிய ஆண்பிள்ளை வரவில்லை. சித்தப்பா தூவினார்.

பண்டிகைக்கு மறுநாள் விடியலில் புக்கோம் அழும். அந்த வருஷம் செத்தவர்களுக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரே நேரத்தில் அழுவார்கள். சூரியன் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்க் கைகொடுத்து, ஆயுசோடு இரு என்று வாழ்த்துவார்கள். வருஷத்துச் சண்டையெல்லாம் அன்றோடு சரி. அந்த நாளையும் தாண்டிப் பகையை வைத்துக்கொண்டிருப்பவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள்.

"இன்னைக்கும் வரலேன்னா அவன் மனுசனில்ல, மரம்," என்றாள் ட்ரோமோ அத்தை. "வருவான் பாரு. வந்ததும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. ஞாயம் பேசாத."

வந்தான். மற்ற வீடுகளுக்கெல்லாம் போய்விட்டுக் கடைசியாக வந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. இடது கண் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, எங்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"அக்கா."

அமெலே அடுப்பை விட்டு எழுந்தாள்.

"அம்மா செத்தத மறைச்சதுக்கு எனக்குக் கோவமில்ல," என்றான். "அது பெரியவங்க முடிவு. கண்ணு போனதுக்கும் உன்மேல கோவமில்ல. டாக்டர்ட்ட மறைச்சது நான். கோச்சுகிட்ட மறைச்சது நான்."

"தம்பி..."

"இரு, சொல்லிர்றேன். மூணாவது ரவுண்டுல அவன் என் எடது பக்கம் பூந்துட்டான். அங்க எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரே கறுப்பு. குத்து எங்கேந்து வருதுன்னே தெரியல. கையத் தூக்கிரலாம், போதும்னு நெனச்சேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அம்மா ஏறுன்னு சொல்லிட்டாளே. அப்பாவப் பாத்துப் பயந்து கெடந்தவ, என்னைய நம்பிச் சொல்லிட்டாளேன்னு. அந்த ரவுண்டு முழுக்க நான் சிரிச்சிக்கிட்டே அடிச்சேன் அக்கா. என் வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோசம் இருந்ததில்ல." அவன் நிறுத்திக்கொண்டான். "அது இல்லேன்னு ஆயிருச்சு. கண்ணுகூடப் பரவால்ல. அது இல்லேன்னு ஆயிருச்சுல்ல, அதத்தான் தாங்க முடியல."

ஞாயம் பேசாதே என்று ட்ரோமோ அத்தை சொல்லியிருந்தாள். ஆனால் அமெலேக்கு அந்த ஒன்றையாவது உண்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.

"ஆசை எனக்குத்தான்டா. அம்மா வான்னுதான் சொல்லியிருப்பா."

"தெரியும்," என்றான்.

தெருவில் யார் வீட்டிலோ மேளம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கைகொடுத்துக்கொண்டு, வாழ்த்திக்கொண்டு, கத்திக்கொண்டு போனார்கள். அயிக்வே சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆயுசோட இரு, அக்கா," என்று கையை நீட்டினான்.

அமெலேயும் நீட்டினாள். ஒரு விரல் இடைவெளியைக்கூடக் கண்ணால் அளந்தவன் நீட்டிய கை, அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் போய் நின்றது. தொட்டுவிட்டதாக நினைத்து விரல்களை மூடிப் பார்த்தான். அமெலே தன் கையை அந்த இடத்துக்கு நகர்த்தினாள்.